சோதோம் எதற்காக அழிந்தது?

கேள்வி இது: சோதோம், கொமோரா என்ற ஊர்கள் ஆணோடு ஆண் உறவு கொண்ட ஒரே குற்றத்துக்காகத்தான் எரிக்கப்பட்டனவா? பைபிளில் வருவதும் குர்ஆனில் வருவதும் ஒரே கதையா? அப்படி ஊர்கள் நிஜமாகவே இருந்தனவா?

முதல் கேள்விக்குத்தான் அதிக இடம் தேவைப்படும். சுருக்கமான பதில் மட்டும் போதும் என்பவர்களுக்கு: பைபிள் சொல்லும் குற்றப்பட்டியல் நாம் கேள்விப்பட்டதைவிட நீளமானது, அதில் சோறும் அடைக்கலமும் மறுத்ததற்குப் பெரிய இடம் உண்டு. குர்ஆன் ஆண்கள் ஆண்களிடம் போனதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது, கூடவே வேறு குற்றங்களையும் சொல்கிறது. ஊர்கள் இருந்த இடம் இன்றுவரை உறுதியாகவில்லை. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இந்தக் கதையை வேதங்களுக்குள் எடுத்துப் பேசியவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரைப் பார்த்துத்தான் பேசினார்கள். அடுத்தவன் ஊரைச் சுட்டிக்காட்டும் பழக்கம் பிறகு வந்தது.

கதையை, பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமம் 19இல் ஆரம்பித்தால் பாதி புரியாது. 13ஆம் அதிகாரத்திலிருந்து படிக்க வேண்டும். ஆபிரகாமின் மேய்ப்பர்களுக்கும் அவர் சகோதரன் மகன் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்காகச் சண்டை. பிரிந்து போகலாம், எந்தப் பக்கம் வேண்டுமோ நீயே எடுத்துக்கொள் என்கிறார் ஆபிரகாம். லோத்து யோர்தான் சமவெளியைப் பார்க்கிறான். எகிப்தைப் போல நீர்வளம் உள்ள பூமி. அதையே தேர்ந்தெடுத்துச் சோதோம் பக்கமாகக் கூடாரம் போடுகிறான். ஆக, அது வறண்ட ஊர் இல்லை. விளைச்சலும் காசும் கொழித்த ஊர்.

14ஆம் அதிகாரத்தைப் பெரும்பாலும் யாரும் பிரசங்கிப்பதில்லை. ஏலாம் நாட்டு அரசன் கெதர்லாகோமேரும் அவனோடு சேர்ந்த மூன்று அரசர்களும் சமவெளியின் ஐந்து ஊர்கள்மேல் படையெடுக்கிறார்கள். சோதோம், கொமோரா, அத்மா, செபோயீம், பேலா என்ற சோவார், இவைதான் அந்த ஐந்து. சித்தீம் பள்ளத்தாக்கில் நிலக்கீல் கேணிகள் நிறைய. தோற்று ஓடும் போது சோதோம், கொமோரா அரசர்களே அவற்றில் விழுகிறார்கள். ஊர் கொள்ளை போகிறது; மக்களையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள், லோத்தையும் சேர்த்து. ஆபிரகாம் தன் வீட்டில் பிறந்து வளர்ந்த 318 பேரோடு இரவோடிரவாகத் தாக்கி அத்தனை பேரையும் மீட்டுக்கொண்டு வருகிறார். பொருளை நீரே வைத்துக்கொள்ளும் என்கிறான் சோதோம் ராஜா. ஒரு நூலோ, செருப்பின் வாரோ கூட உன்னிடமிருந்து வாங்க மாட்டேன் என்று மறுக்கிறார் ஆபிரகாம். அதாவது, சோதோம்காரர்கள் ஒருமுறை கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களைக் காப்பாற்றியது கூடாரத்தில் வாழ்ந்த ஒரு வெளியூர்க்காரர். அப்படிப்பட்ட மக்கள் பிறகு தங்கள் வாசலுக்கு வந்த வெளியூர்க்காரர்களை என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதைத்தான் 19ஆம் அதிகாரம் சொல்கிறது.

அதற்கு முன்னால் 18. மம்ரேயில் உச்சி வெயில் நேரம். கூடார வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆபிரகாம் மூன்று பேரைப் பார்த்ததும் எதிர்கொண்டு ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். சாராளிடம் போய் மூன்று படி மெல்லிய மாவைப் பிசைந்து அப்பம் சுடச் சொல்கிறார். மாட்டு மந்தைக்கு ஓடி இளங்கன்று ஒன்றைப் பிடித்து வேலைக்காரனிடம் கொடுக்கிறார். வெண்ணெய், பால், சமைத்த இறைச்சி எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடும்வரை பக்கத்தில் நிற்கிறார். இவர்கள் யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை விவரத்தோடு ஒரு விருந்தைச் சொல்லிவிட்டு, அதே விருந்தினரில் இரண்டு பேரை அன்று மாலையே சோதோமின் வாசலுக்கு அனுப்புகிறது கதை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்று சொல்லாமல் சொல்லும் அமைப்பு இது.

சோதோமின் ஊர்வாசலில் லோத்து உட்கார்ந்திருக்கிறான். அவனும் எழுந்து வணங்கி வீட்டுக்கு அழைக்கிறான். வீதியிலேயே படுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள் கடவுளின் தூதர்களான அந்த இருவரும். வேண்டாம் என்று வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போகிறான். ராத்திரி அந்த ஊர் வீதி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். புளிப்பில்லாத அப்பம் சுட்டு விருந்து வைக்கிறான். அவர்கள் படுக்கும் முன்பே, வாலிபர் முதல் கிழவர் வரை ஊர் ஆண்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து வீட்டைச் சூழ்கிறார்கள். வந்தவர்களை வெளியே அனுப்பு, நாங்கள் அவர்களை அறிய வேண்டும் என்கிறார்கள். என்ன பொருளில் கேட்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. லோத்து தடுத்ததும் அவர்கள் வாயில் வரும் வார்த்தையைக் கவனியுங்கள்: பரதேசியாக வந்த இவனா எங்களுக்கு நியாயம் சொல்வது? இத்தனை வருஷம் அதே ஊரில் குடியிருந்தும், கோபம் வந்த நேரத்தில் அவன் பரதேசிதான்.

லோத்து தன் இரண்டு பெண்களை வெளியே அனுப்புகிறேன் என்று சொல்வதை எந்த விளக்கமும் கழுவிவிடாது. விருந்தினருக்குத் தந்த வாக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு பெரியது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெண்களின் பக்கம் நின்று படித்தால் அப்பனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் தெரிகிறான். கதை அவனை மாசில்லாத வீரனாகக் காட்ட முயலவே இல்லை. விடிந்த பிறகும் அவன் தயங்கி நிற்கிறான். தூதர்கள்தான் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். அவன் மருமகப்பிள்ளைகளோ அவன் எச்சரித்ததை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டு ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள்.

சரி, அந்தக் கூட்டம் செய்யப் பார்த்தது என்ன? கூட்டு வன்புணர்ச்சி. பழைய உலகில் தோற்ற எதிரியையும் ஆதரவற்ற அந்நியனையும் கேவலப்படுத்த இதைச் செய்தார்கள். இதை ஆசை என்று வாசிப்பவர்கள் நியாயாதிபதிகள் 19ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். எப்பிராயீம் மலைநாட்டில் குடியிருந்த, லேவி கோத்திரத்தைச் சேர்ந்த லேவியன் ஒருவன் தன் மறுமனையாட்டியோடு பயணம் போகிறான். பொழுது சாய்கிறது. பக்கத்தில் எபூசு இருக்கிறது, அங்கே தங்கலாமா என்கிறான் வேலைக்காரன். அது இஸ்ரவேலர் அல்லாதவர்களின் ஊர், வேண்டாம் என்று சொல்லி, பென்யமீன் கோத்திரத்தாரின் கிபியாவுக்குப் போகிறான் லேவியன். நம்மவர் ஊர் பத்திரம் என்ற நம்பிக்கை. ஊர் வீதியில் உட்கார்ந்திருந்தவர்களை யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை. கடைசியில் அழைத்துப் போகும் கிழவரும் எப்பிராயீமிலிருந்து வந்து அங்கே குடியிருப்பவர்தான். ராத்திரி ஊர் ஆண்கள் வீட்டைச் சூழ்ந்து, சோதோம்காரர்கள் கேட்டதையே கேட்கிறார்கள்: உன் வீட்டுக்கு வந்த ஆணை வெளியே விடு. லேவியன் தன் மறுமனையாட்டியை வெளியே தள்ளுகிறான். விடியும் வரை அவளைச் சிதைக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால், அவள் கைகள் வாசற்படியின்மேல் கிடக்கின்றன.

கேட்டது ஆணை, சிதைத்தது பெண்ணை. அந்தக் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது வந்தவனைக் கேவலப்படுத்துவது. இதில் என்னை உலுக்குவது, கிபியாவின்மேல் வானத்திலிருந்து எந்த நெருப்பும் விழவில்லை என்பது. கடைசியில் மற்ற கோத்திரங்கள் எல்லாம் சேர்ந்து போருக்குப் போகின்றன. பென்யமீனில் 600 ஆண்கள்தான் தப்புகிறார்கள். இஸ்ரவேலின் எழுத்தாளர் ஒருவர், சோதோம் கதையின் அச்சை எடுத்துத் தன் சொந்த ஜாதியின்மேல் பதித்திருக்கிறார். நம்மவர் ஊர் என்று நம்பிப் போன இடமே சோதோமாக இருந்தது என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தீர்க்கதரிசிகளும் இதையேதான் செய்தார்கள். ஏசாயா முதல் அதிகாரத்தில், ‘சோதோமின் அதிபதிகளே, கேளுங்கள்’ என்று விளிக்கிறார். அப்போது சோதோம் என்று ஓர் ஊரே கிடையாது. அவர் முன்னால் நின்றவர்கள் எருசலேமின் பெரிய மனிதர்கள். அவர்கள்மேல் அவர் வைக்கும் குற்றச்சாட்டு: திக்கற்ற பிள்ளைகளுக்கு நியாயம் இல்லை, விதவையின் வழக்கை எடுப்பாரில்லை, கைகளில் இரத்தக்கறையோடு வந்து ஜெபம் செய்கிறீர்கள். எரேமியா பொய்ச் சொல்லும் தீர்க்கதரிசிகளைச் சோதோம் என்கிறார். எசேக்கியேல் 16:49 இன்னும் நேரடியானது. எருசலேமைப் பார்த்து, உன் சகோதரி சோதோமின் அக்கிரமம் இதுதான் என்று சொல்லி வரிசைப்படுத்துகிறார்: கர்வம், வயிறு நிறைந்த வாழ்வு, கவலையற்ற சுகம், இத்தனையும் இருந்தும் ஏழை எளியவனின் கையைப் பலப்படுத்தவில்லை. அடுத்த வசனத்தில் அருவருப்பானதைச் செய்தாள் என்றும் சேர்க்கிறார். அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் பட்டியலின் தலைப்பில் நிற்பது சோற்றுத் திமிர்.

இயேசுவும் இந்தத் தடத்திலேயே போகிறார். மத்தேயு 10இல் தன் சீடர்களை ஊர் ஊராக அனுப்பும் போது, உங்களை ஏற்றுக்கொள்ளாத ஊருக்கு வருவதைவிட நியாயத்தீர்ப்பு நாளில் சோதோமுக்கு வருவது இலேசாக இருக்கும் என்கிறார். வழிப்போக்கனுக்குக் கதவு திறக்காததுதான் அங்கே பேச்சு. அடுத்த அதிகாரத்தில் இதையே கப்பர்நகூமைப் பார்த்துச் சொல்கிறார். அது அவரே தங்கி ஊழியம் செய்த ஊர்.

யூத மத அறிஞர்களான ரபிமார், தங்கள் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூதில் சோதோமைப் பற்றிச் சேர்த்துவைத்த கதைகளைப் படித்தால் அவர்கள் எதை வெறுத்தார்கள் என்று புரியும். ஊருக்கு ஓர் ஏழை வந்தால் ஆளுக்கொரு தீனாரி கொடுப்பார்களாம், ஒவ்வொரு காசிலும் கொடுத்தவன் பெயர் பொறித்திருக்கும். ஆனால் யாரும் அவனுக்கு அப்பம் விற்க மாட்டார்கள். கை நிறையக் காசோடு பட்டினியில் அவன் சாவான். பிறகு ஒவ்வொருவரும் வந்து தன் பெயர் போட்ட காசைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். வந்தவர்களுக்கு ஒரு கட்டில் வைத்திருந்தார்கள். ஆள் நீளமாக இருந்தால் வெட்டுவார்கள், குட்டையாக இருந்தால் இழுத்து நீட்டுவார்கள். ஒரு பெண் குடத்தில் அப்பத்தை ஒளித்துக்கொண்டு போய் ஓர் ஏழைக்குக் கொடுத்தாள். அது தெரிந்ததும் அவள் உடம்பில் தேன் தடவி மதில்மேல் நிறுத்தினார்கள். தேனீக்கள் மொய்த்துக் கொன்றன. ஆதியாகமம் 18இல் கடவுள் ‘சோதோமின் கூக்குரல்’ என்று சொல்வது இந்தப் பெண்ணின் அலறல்தான் என்கிறார்கள் ரபிமார்.

ஆபிரகாமின் ஊழியன் எலியேசர் அந்த ஊருக்குப் போன கதையும் உண்டு. ஒருவன் அவனை அடித்து இரத்தம் வரவைத்தான். நீதிபதியிடம் போனால், இரத்தம் எடுத்துவிட்டதற்கு நீதான் அவனுக்குக் கூலி தர வேண்டும் என்று தீர்ப்பு. எலியேசர் ஒரு கல்லை எடுத்து நீதிபதியையே அடித்தான். எனக்கு நீ தர வேண்டிய கூலியை அவனுக்குக் கொடுத்துவிடு என்றான். இந்தக் கதைகள் எதிலும் படுக்கையறைக் குற்றம் இல்லை. அக்கிரமத்தைச் சட்டமாகவே ஆக்கிவைத்த ஊராக அவர்கள் சோதோமைப் பார்த்தார்கள். ‘என்னுடையது எனக்கு, உன்னுடையது உனக்கு’ என்று சொல்பவன் நடுத்தரமானவன் என்கிறது, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா நூல். சிலர் இதையே சோதோமின் குணம் என்பார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. யூதச் சட்டத்தில் இதிலிருந்து ஒரு விதியே பிறந்தது. உனக்கு எந்த நஷ்டமும் இல்லாமல் இன்னொருவனுக்கு நன்மை கிடைக்குமானால், சோதோம் குணத்தோடு அதைத் தடுக்க உனக்கு உரிமையில்லை. நீதிமன்றம் உன்னைக் கட்டாயப்படுத்தலாம்.

அப்படியானால் ஆண்–ஆண் உறவு என்ற வாசிப்பு எங்கிருந்து வந்தது? புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் சோதோமின் விபச்சாரத்தையும் ‘அந்நிய மாம்ச’ நாட்டத்தையும் சொல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபைலோ, செல்வம் பெருகியதால் வந்த காமக் களியாட்டம் என்று அதை விரிவாக எழுதினார். கிறிஸ்தவச் சபைத் தந்தையர் பலர் அந்த வழியில் போனார்கள். 538இல் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் போட்ட சட்டம் ஒன்று, இப்படிப்பட்ட செயல்களால்தான் பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் வருகின்றன என்று சொல்லி அவற்றுக்குத் தண்டனை விதித்தது. அங்கேதான் கதை திசை மாறிப் போனது என்று நினைக்கிறேன். ஊரின் பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்ட கதை, ஊரிலேயே பலமில்லாத சிலரை வேட்டையாடும் சட்டமாகிவிட்டது.

இனி குர்ஆன். கதையின் எலும்புக்கூடு ஒன்றுதான், வேறுபாடுகளும் முக்கியமானவை. அங்கே லூத் ஒரு நபி. தயங்கும் குடும்பத் தலைவராக இல்லாமல், தன் மக்களை மீண்டும் மீண்டும் எச்சரிப்பவராக வருகிறார். ஊர்ப் பெயர் எதுவும் சொல்லப்படவில்லை. பைபிளில் கடைசியில் வரும் குகைக் காட்சி, அதாவது குடிபோதையில் இருந்த லோத்தால் அவன் மகள்களே கர்ப்பமாவது, குர்ஆனில் கிடையாது. ‘இதோ என் புதல்விகள்’ என்று லூத் நபி சொல்லும் இடத்தை, சமுதாயத்துப் பெண்களை முறையாகத் திருமணம் செய்துகொள்ளுங்கள் என்ற அறிவுரையாகவே விரிவுரையாளர்கள் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்களை விட்டு ஆண்களிடம் இச்சையோடு போகிறீர்கள் என்ற கண்டனம் அல்-அஃராஃப் அத்தியாயத்தில் நேரடியாக வருகிறது. இஸ்லாமிய மரபு அதை அப்படியே புரிந்துகொண்டது. அன்கபூத் அத்தியாயத்தில் இதோடு வழிப்பறியும் சபைகளில் வெளிப்படையாகச் செய்யும் கேடும் சேர்கின்றன. ஹிஜ்ர் அத்தியாயத்தில் இன்னொன்று: இவர்கள் என் விருந்தினர்கள், என்னைத் தலைகுனிய வைக்காதீர்கள் என்று லூத் கெஞ்சும் போது, வெளியாட்களைச் சேர்க்கக் கூடாது என்று உம்மை நாங்கள் தடுக்கவில்லையா என்கிறார்கள் ஊரார். விருந்தினர் என்ற நரம்பு இங்கேயும் துடிக்கிறது. முடிவில் ஊர் தலைகீழாகப் புரட்டப்படுகிறது, சுட்ட களிமண் கற்கள் மழையாகப் பொழிகின்றன.

குர்ஆன் இதை யாருக்குச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலையிலும் இரவிலும் நீங்கள் அவர்களைக் கடந்துதானே போகிறீர்கள், சிந்திக்க மாட்டீர்களா என்கிறது ஸாஃப்பாத் அத்தியாயம். சிரியாவுக்கு வணிகம் போன மக்கா நகரத்தார்தான் அந்த ‘நீங்கள்’. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்த மத்யன் மக்களிடம் ஷுஐப் நபியும் இதே குரலில் பேசுகிறார்: லூத்தின் மக்கள் உங்களுக்குத் தொலைவில் இல்லை.

ஆது, ஸமூது கூட்டத்தாரின் கதைகளும் இதே குடும்பம். ஹூது நபியை மறுத்த ஆது கூட்டத்தை ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசிய காற்று அழித்தது; உள்ளீடற்ற ஈச்சமர அடிகளைப்போல விழுந்து கிடந்தார்கள். மலையைக் குடைந்து வீடு கட்டிய ஸமூது கூட்டத்துக்கு ஸாலிஹ் நபி கொண்டுவந்த அத்தாட்சி ஒரு பெண் ஒட்டகம். தண்ணீர் ஒருநாள் அதற்கு, ஒருநாள் உங்களுக்கு என்பது ஏற்பாடு. அதைப் பொறுக்க முடியாமல் ஒட்டகத்தை அறுத்தார்கள், பெருஞ்சத்தத்தில் அழிந்தார்கள். தண்ணீரைப் பங்கிட மனமில்லாத ஊர் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சவுதி அரேபியாவின் அல்-ஹிஜ்ர் அவர்கள் வாழ்ந்த இடம் என்பது மரபு. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த, அந்நாட்டின் முதல் இடம் அதுதான். இன்று அங்கே கம்பீரமாக நிற்கும் குடைவரைகள் கி.மு. முதல், கி.பி. முதல் நூற்றாண்டுகளில் நபத்தேயர்கள் என்ற பழைய அரபு மக்கள் தங்கள் இறந்தோருக்காகக் குடைந்த கல்லறைகள் என்று அவற்றின் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஸமூது என்ற பெயர் அதற்கும் முந்தையது. அசீரிய அரசன் இரண்டாம் சார்கோனின் கல்வெட்டிலேயே வருகிறது. 630இல் தபூக் பயணத்தின் போது நபிகள் நாயகம் அந்த வழியே போனபோது, அழுதபடியே தவிர இங்கே நுழையாதீர்கள் என்று தோழர்களிடம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அழிந்த ஊரைப் பார்த்து ஒருவர் என்ன மனநிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டல் எனக்குத் தெரியாது.

குற்றமில்லாதவர்களும் சாகிறார்களே என்ற கேள்வி நம் காலத்துக் கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். கதைக்குள்ளேயே அது இருக்கிறது, அதுவும் நடுமையத்தில். சோதோமை அழிக்கப் போவதாகத் தெரிந்ததும் ஆபிரகாம் கடவுளின் முன்னால் நின்று பேரம் பேசுகிறார். 50 நீதிமான்கள் இருந்தால்? 45? 40? 30? 20? 10? ‘சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ’ என்று கேட்கிறார். தூளும் சாம்பலுமான நான் பேசத் துணிந்தேன் என்று பணிந்துகொண்டே, விட்டுக்கொடுக்காமல் கேட்கிறார். தன் உறவுக்காரன் லோத்தை மட்டும் விட்டுவிடும் என்று அவர் மன்றாடவில்லை. சிலர் பொருட்டு ஊர் முழுவதையும் விட வேண்டும் என்பதே அவர் வாதம். கடவுள் பத்து வரை இறங்கி வருகிறார். அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. குர்ஆனிலும் இப்ராஹீம் நபி லூத்தின் மக்களுக்காக வாதாடுகிறார், அதற்காக அவர் இரக்கமுள்ளவர் என்று புகழப்படுகிறார். அந்த ஊரில் ஒரே ஒரு வீடுதான் பணிந்து நடந்த வீடாக இருந்தது என்று தாரியாத் அத்தியாயம் சொல்கிறது. பைபிளில் தப்பியவர்கள் லோத்தும் இரண்டு மகள்களும். அந்த மகள்கள் வழியில் வந்தவர்கள் மோவாபியரும் அம்மோனியரும். மோவாபியப் பெண்ணான ரூத்துதான் பின்னாளில் தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி.

ஆபிரகாமுக்கு நேர் எதிரானவர் பைபிளில் வரும் இன்னொரு தீர்க்கதரிசி, யோனா. நினிவே, அசீரியர்களின் தலைநகர். கி.மு. 722இல் இஸ்ரவேலின் வடநாட்டை அழித்தவர்கள் அசீரியர்கள். இன்னும் 40 நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று அறிவிக்க யோனா அனுப்பப்படுகிறார். ராஜா முதல் மாடுவரை இரட்டு என்ற சாக்குத்துணி உடுத்தி உபவாசம் இருக்கிறார்கள். கடவுள் மனம் மாறி ஊரை விட்டுவிடுகிறார். யோனாவுக்குக் கடும் கோபம். ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசை போட்டு, என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்துகொள்கிறார். நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்கு அவர் வருத்தப்பட, கடவுள் கேட்கிறார்: வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும் ஏராளமான மிருகங்களும் உள்ள இந்த ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா? அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யூதர்கள் தங்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் ஜெபாலயத்தில் வாசிப்பது இதைத்தான். எதிரியின் ஊர் எரிவதைப் பார்க்க இடம் பிடித்து உட்கார்ந்த ஒருவரின் கதையை, தங்கள் பாவத்தை நினைக்கும் நாளில்! வரலாற்றில் நினிவே கி.மு. 612இல் பாபிலோனியர், மேதியர் கையில் விழுந்தது தனிக்கதை.

அப்புறம், ஊர்கள் இருந்தனவா என்ற கேள்வி. கதை நடக்கும் நிலம் சாக்கடல் ஓரம். கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கும் ஏரி அது, சாதாரணக் கடலைவிடப் பத்து மடங்கு உப்பு. நிலக்கீல் கட்டிகள் அடியிலிருந்து எழும்பி மிதக்கும். பழங்காலத்தில் அவற்றைச் சேகரித்து எகிப்துக்கு விற்றார்கள். பெரிய நிலப்பிளவு அந்த வழியாகப் போவதால் பூகம்பங்களும் உண்டு. தென்மேற்குக் கரையில் முழுக்க உப்பால் ஆன மலை நிற்கிறது. மழையில் கரைந்து தூண் தூணாகப் பிரியும். தப்பி ஓடும் போது திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனாள் என்கிறது ஆதியாகமம்; அந்தத் தூணை நானே பார்த்தேன் என்று முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட நிலத்தைப் பார்ப்பவனுக்கு, இங்கே என்னவோ நடந்திருக்கிறது என்று தோன்றத்தான் செய்யும்.

தென்கிழக்குக் கரையில் பாப் எத்-த்ரா, நுமேரா என்ற இரண்டு பழைய வெண்கலக் கால ஊர்களைத் தோண்டினார்கள். பாப் எத்-த்ராவில் 1960களில் பால் லாப் தொடங்கிய வேலையை 1970களிலிருந்து வால்ட்டர் ராஸ்ட், தாமஸ் ஷாப் இருவரும் தொடர்ந்தார்கள். எரிந்த அடுக்குகள் கிடைத்ததும் இவைதான் சோதோம், கொமோரா என்று பேச்சு எழுந்தது. பிறகு வந்த கார்பன் காலக்கணிப்பில், இரண்டும் ஒரே சமயத்தில் அழியவில்லை என்று தெரிந்தது. அடுத்து, வடகிழக்கில் உள்ள டல் எல்-ஹம்மாம். அங்கே 2005 முதல் ஸ்டீவன் காலின்ஸ் குழு தோண்டியது. கி.மு. 1650 வாக்கில் வானிலேயே வெடித்த விண்கல் ஒன்று அந்த ஊரை அழித்தது என்று 2021இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த கட்டுரை உலகமெங்கும் பரவியது. இன்னும் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் முடிவுகளை நம்ப முடியவில்லை என்று சொல்லி 2025 ஏப்ரலில் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. அடுத்த முறை யாராவது அனுப்பினால் இதையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்று மட்டும் உறுதி: சோவார் என்று நம்பப்பட்ட இன்றைய ஸாஃபிக்கு அருகே, ஒரு குகையை ஒட்டி பைசாந்தியர்கள் புனித லோத்து மடத்தைக் கட்டினார்கள். அதன் ஆலயத் தரையில் கி.பி. 606 என்று ஆண்டு குறித்த மொசைக் இருக்கிறது. கதையை நம்பி வந்தவர்களின் வரலாற்றுக்கு அது சாட்சி. சோதோமுக்குச் சாட்சி ஆகாது.

இந்தக் கதைகளை இன்று எப்படிக் கையாள்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய விவாதம் நடந்திருக்கிறது. 1934 ஜனவரி 15இல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம், ஆயிரக்கணக்கான சாவுகள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டில் இருந்தார். திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகாரின் பேரிடருக்கும் தீண்டாமைப் பாவத்துக்கும் தொடர்பு இருப்பதாக நம்புகிறேன் என்றார். தாகூர் இதைக் கேட்டு வேதனைப்பட்டார். தீண்டாமையை அவரும் எதிர்த்தவர்தான். ஆனால் பூகம்பத்தின் காரணம் பௌதிகக் காரணம் மட்டுமே, அறத்தையும் இயற்கைச் சீற்றத்தையும் முடிச்சுப் போட்டால் இப்படிக் கண்மூடித்தனமாகப் பாடம் நடத்தும் கடவுளைவிட மனிதனே மேலானவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும் என்று எழுதினார். அதைக் காந்தி தன் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, தன் பதிலையும் எழுதினார்.

காந்தி ஜஸ்டினியனைப்போல எளியவர்களைக் கைகாட்டவில்லை. நம் பாவம் என்றே சொன்னார். அந்த வகையில் அவர் ஏசாயாவின் வரிசையில் நிற்பவர். ஆனாலும் இந்த விவாதத்தில் நான் தாகூர் பக்கம்தான். பீகாரில் இடிபாடுகளுக்குள் செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்கள், குழந்தைகளும் இருந்திருப்பார்கள். நீதிமானையும் துன்மார்க்கனையும் சேர்த்து அழிப்பது உமக்குத் தகுமோ என்று ஆபிரகாம் கேட்டாரே, தாகூர் கேட்டதும் அந்தக் கேள்விதான்.